உர்பினோ அரண்மனை ஓவியக்கூடம்: போவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குப் போகிறோம் என்று யார் சொன்னாலும் உர்பினோவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று சொல்லிவிடுவேன். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று திட்டம் போட்டிருப்பவர்கள் "அது எங்கே இருக்கிறது?" என்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேள்விகள் வரும். இரண்டு முறை போய்வந்ததில் தெரிந்துகொண்டதையும், அதைப் பற்றிப் படித்ததையும் சேர்த்துப் பதில்களை இங்கே எழுதுகிறேன்.

இது என்ன இடம்? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

மத்திய இத்தாலியில், அட்ரியாடிக் கடலோரத்தை ஒட்டிய மார்க்கே மாநிலத்தில், ஒரு குன்றின்மேல் இருக்கும் சிறிய ஊர் உர்பினோ. 15ஆம் நூற்றாண்டில் அதை ஆண்ட ஃபெடெரிகோ தா மொன்தெஃபெல்த்ரோ அங்கே ஓர் அரண்மனை கட்டினார். அந்த அரண்மனைக்குள்தான் 1912 முதல் 'மார்க்கே தேசிய ஓவியக்கூடம்' இயங்குகிறது. ஊரின் பழைய பகுதி முழுவதும் 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஓவியர் ரஃபேல் 1483இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

இவ்வளவு இருந்தும் கூட்டம் குறைவு. ஊருக்கு ரயில் கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அரண்மனையின் சொத்தில் பெரும்பகுதி எப்போதோ வெளியூர் போய்விட்டது. மொன்தெஃபெல்த்ரோவுக்குப் பின் வந்த தெல்லா ரோவெரே வம்சத்தின் ஆண்வழி 1631இல் முடிந்ததும் உர்பினோ நாடு போப்பின் ஆட்சிக்குப் போனது. ஓவியங்களில் பலவற்றை வாரிசான வித்தோரியா தெல்லா ரோவெரே ஃபுளோரன்ஸுக்குக் கொண்டுபோனார். ஃபெடெரிகோ சேர்த்த புகழ்பெற்ற நூலகம் 1657இல் வத்திக்கானுக்குப் போனது.

அப்படியானால் மிச்சம் என்ன? காலி அரண்மனையைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல ஆசை.

அரண்மனைதான் அங்கே முதல் காட்சிப்பொருள். மற்ற ஊர்களில் ஓவியம் எங்கிருந்தோ வந்து ஒரு சுவரில் தொங்கும். அதை வரைந்த காலத்தின் காற்று அங்கே இருக்காது. உர்பினோவில் சுவர், கதவு, கணப்படுப்பு, முற்றம், ஓவியம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான யோசனை ஓடுகிறது. தட்டையான பரப்பில் தூரத்தைக் காட்டும் கணக்கை நாம் பெர்ஸ்பெக்டிவ் என்கிறோமே, அது ஒரு தலைமுறைக்கு இந்த ஊரின் பேச்சாகவே இருந்திருக்கிறது. ஓவியர் பலகையில் செய்ததைத் தச்சர் மரத்தில் செய்தார், கட்டடக்கலைஞர் கல்லில் செய்தார். மூன்றையும் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைக்கிற இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முற்றத்திலிருந்தே தொடங்கலாம். கட்டியவர் லூச்சானோ லாவுரானா, அட்ரியாடிக் கடலின் எதிர்க்கரையான டால்மேஷியாவில் பிறந்தவர். 1468இல் ஃபெடெரிகோ அவரைத் தலைமைக் கட்டடக்கலைஞராக நியமித்து ஆணை கொடுத்தார். நான்கு பக்கமும் வளைவுகள் தூண்கள்மேல் நிற்கின்றன. மூலையில் போய் நின்று பாருங்கள். ஃபுளோரன்ஸில் மெதிச்சி அரண்மனை முற்றத்தில் இரண்டு பக்கத்து வளைவுகளும் மூலையில் ஒரே ஒற்றைத்தூணில் வந்து இறங்கும். அது பாரம் தாங்காததுபோல் கண்ணை உறுத்தும். லாவுரானா மூலையில் ஒற்றைத்தூண் வைக்காமல், இருபக்கமும் மடங்கிய கனமான தூண்கட்டு ஒன்றை வைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் முற்றத்துக்கே ஒரு நிதானம் வந்துவிடுகிறது. நான் முதல் தடவை இதைக் கவனிக்காமல் நேராக டிக்கெட் ஜன்னலுக்குப் போய்விட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஃபெடெரிகோ என்பவர் யார்? பக்கவாட்டு முகத்தோடு, மூக்கு உடைந்தமாதிரி இருப்பாரே, அவரா?

அவரேதான். 1422இல் பிறந்து 1482இல் இறந்தார். கூலிப்படைத் தளபதி. பணம் தரும் நகரங்களுக்காகப் போர் நடத்துவது அவர் தொழில். ஒரு வீரவிளையாட்டுப் போட்டியில் ஈட்டி பாய்ந்து வலக்கண் போய்விட்டது, மூக்கின் மேல்பகுதியும் சிதைந்தது. அதனால் எல்லா ஓவியத்திலும் இடப்பக்க முகம் மட்டும்தான்.

இந்த அரண்மனை போர்க்கூலியில் கட்டியது என்பதை மறந்துவிடக் கூடாது. 1472இல் ஃபுளோரன்ஸுக்காக வொல்தேர்ரா நகரைப் பிடித்தவர் அவர். சரணடைந்த அந்த நகரம் சூறையாடப்பட்டது. அதே மனிதர்தான் கிரேக்கமும் லத்தீனுமாகக் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த அறைகளில் நடக்கிறேன்.

அவரும் மனைவியும் எதிரெதிரே பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியம் அங்கே இருக்கிறதா?

இல்லை. பியரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த அந்த இரட்டைப் படம் ஃபுளோரன்ஸில் உஃபிட்சி ஓவியக்கூடத்தில் இருக்கிறது. டிஷியன் வரைந்த 'உர்பினோவின் வீனஸ்' படமும் அங்கேதான். பெயரில் ஊர் இருப்பதால் பலர் இங்கே தேடி ஏமாறுகிறார்கள். ஃபெடெரிகோ கவசம் அணிந்து, புத்தகம் படித்துக்கொண்டு, பக்கத்தில் சிறுவன் மகன் குவிதோபால்தோ நிற்கும் படம் உர்பினோவிலேயே இருக்கிறது.

ஒரே ஓர் அறைதான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது?

ஸ்துதியோலோ. ஃபெடெரிகோவின் படிப்பறை. 1476இல் முடிந்தது. அந்த ஆண்டு கூரையை ஒட்டி ஓடும் எழுத்துகளிலேயே இருக்கிறது.

நம் வீட்டு பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்கு மூன்றரை மீட்டர். உள்ளே நுழைந்ததும் சுவரோரம் அலமாரிகள் தெரியும். சில கதவுகள் பாதி திறந்திருக்கும். உள்ளே புத்தகங்கள் ஏனோதானோவென்று சாய்ந்திருக்கும். இசைக்கருவிகள், வானியல் கருவிகள், மணல்கடிகாரம், கழற்றி மாட்டிய கவசத்தின் துண்டுகள். கீழே உட்காரும் பலகைகள். கிட்டே போனால் எதுவுமே இல்லை, சுவர் வெறும் தட்டை. வெவ்வேறு நிற மரங்களைத் துண்டுதுண்டாக அறுத்து, இடைவெளி தெரியாமல் பதித்திருக்கிறார்கள். இதற்கு இத்தாலியில் 'இன்தார்சியா' என்று பெயர்.

ஒரு பலகையில் மேடைமேல் ஒரு பழக்கூடை, பக்கத்தில் ஓர் அணில். அணில் கொட்டை ஒன்றைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் வளைவுகளுக்கு அப்பால் ஏரியும் மலையும். கூடையின் பின்னலைக் கவனியுங்கள். ஒவ்வொரு இழையும் ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று போகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி மரத்துண்டு. நான் அந்தக் கூடைக்கு முன்னால் மட்டும் கால்மணி நேரம் நின்றேன். பின்னால் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

இன்னொரு பலகையில் ஃபெடெரிகோவே நிற்கிறார். கவசம் இல்லை, நீண்ட அங்கி. கையில் ஈட்டி, ஆனால் முனை தரையைப் பார்க்கிறது. சண்டையை வாசலில் விட்டுவிட்டுத்தான் இந்த அறைக்குள் வருகிறேன் என்று அவர் சொல்லிக்கொள்ள விரும்பியிருக்கிறார்.

மேலே இரண்டு வரிசையாக 28 அறிஞர்களின் படங்கள். யூஸ்டஸ் வான் கென்ட் என்ற ஃபிளாண்டர்ஸ் ஓவியரும் ஸ்பெயின்காரரான பெட்ரோ பெருகெத்தேயும் செய்தவை. அவற்றில் 14 மட்டும் உர்பினோவில் இருக்கின்றன. மற்ற 14 பாரிஸ் லூவ்ரில். ஹோமரும் யூக்ளிடும் பெட்ரார்க்கும் இங்கே, பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் தான்தேயும் அங்கே. ஒரே அறைக்கென்று செய்தவற்றை இப்படி இரு நாடுகளில் வைத்திருப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது. ஃபெடெரிகோவுக்கு குபியோ ஊரிலும் இதேபோல ஒரு மரப்பதிப்பு அறை இருந்தது. அது முழுசாக நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. உர்பினோவில் மட்டும்தான் மரவேலை செய்துவைத்த இடத்திலேயே இருக்கிறது.

பியரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் ஓவியங்கள் இருக்கின்றனவா?

இரண்டு. இரண்டும் சிறியவை, எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியவை.

'கிறிஸ்துவைச் சாட்டையால் அடித்தல்' 58 செ.மீ. உயரம், 81 செ.மீ. அகலம். அடி வாங்கும் கிறிஸ்து இடப்பக்கம் தூரத்தில், ஒரு மண்டபத்துக்குள் தூணில் கட்டப்பட்டிருக்கிறார். வலப்பக்கம் முன்னால் மூன்று பேர் பெரிதாக நிற்கிறார்கள். பின்னால் நடப்பதை அவர்கள் பார்க்கவே இல்லை. அவர்கள் யார்? இந்தக் கேள்விக்கு முடிவே வரவில்லை. நடுவில் வெறுங்காலோடு நிற்கும் இளைஞன், 1444இல் கொல்லப்பட்ட ஃபெடெரிகோவின் சகோதரன் ஒத்தாந்தோனியோ என்பது பழைய விளக்கம். 1453இல் பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியரிடம் விழுந்ததைப் பற்றிய படம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் ரோம ஆளுநர் பிலாத்து, பைசாந்தியப் பேரரசர் போட்ட மாதிரியான தொப்பியை வைத்திருப்பது அவர்களுக்கு ஆதாரம். விளக்கத்தை விட்டுவிட்டு முதலில் தரையைப் பாருங்கள் என்பேன். தரைக்கற்களின் கணக்கு அவ்வளவு துல்லியம். அந்த மண்டபத்தின் தரைப்படத்தையே அளந்து வரைந்துவிட முடிகிறது. பிலாத்துவின் இருக்கைப் படியில் ஓவியர் தன் பெயரையும் ஊரையும் எழுதியிருக்கிறார்.

மற்றது 'செனிகால்லியா மாதா'. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். மாதா, குழந்தை, இரண்டு தேவதூதர்கள். குழந்தையின் கழுத்தில் பவளம், கையில் வெள்ளை ரோஜா. இடப்பக்கம் பின்னால் ஓர் அறை, ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுகிறது. அந்த வெயில் கற்றைக்குள் தூசி மிதப்பதுகூடத் தெரியும். மத்தியான வேளையில் கதவு சாத்திய வீட்டுக்குள் விழும் வெயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

அங்கே ஒரு பெரிய திருட்டு நடந்ததாமே?

ஆமாம். 1975 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மேலே சொன்ன இரண்டு பியரோ ஓவியங்களும், ரஃபேலின் 'லா மூத்தா'வும் திருடு போயின. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் லொகார்னோவில் மூன்றும் மீட்கப்பட்டன.

'லா மூத்தா' என்றால் 'பேசாதவள்'. யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் உருவப்படம். உதடு இறுக மூடியிருக்கிறது. அவள் கைவிரல்களைக் கவனியுங்கள், ஏதோ சொல்லவந்து நிறுத்தியதுபோல ஒரு விரல் மட்டும் நீண்டிருக்கும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் செய்தி ஒன்றும் சொல்லியாக வேண்டும். அப்போது உர்பினோவில் கலைச்செல்வங்களுக்குப் பொறுப்பாக இருந்த பஸ்குவாலே ரொதோந்தி, இத்தாலியின் பல நகரங்களிலிருந்து வந்த ஏறக்குறைய 10,000 கலைப்பொருள்களை சஸ்ஸொகொர்வாரோ கோட்டையிலும் கார்பேன்யா அரண்மனையிலும் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாதது அநியாயம்.

ஆளே இல்லாத நகரம் ஒன்றை வரைந்திருப்பார்களே, அது இங்கேதானா?

'இலட்சிய நகரம்' என்ற அந்த நீளப்பலகை இங்கேதான். வரைந்தவர் யார் என்பது இன்னும் தீராத வழக்கு. இதன் உறவுக்காரப் பலகைகள் இரண்டு, பால்டிமோரிலும் பெர்லினிலும் இருக்கின்றன. நடுவில் வட்டமான ஒரு கட்டடம், இருபுறமும் மாளிகைகள், ஒரு மனிதர்கூட இல்லை. ஆனால் அந்த வட்டக் கட்டடத்தின் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. வலப்பக்க மாளிகையின் விளிம்பில் இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. இந்த இரண்டையும் பார்த்துவிட்டால், அதுவரை வரைபடமாகத் தெரிந்தது ஊராக மாறிவிடும்.

மனதைச் சங்கடப்படுத்தும் ஓவியங்கள் ஏதும் உண்டா? குழந்தைகளோடு போகிறோம்.

ஒன்று உண்டு. பாவ்லோ உச்செல்லோ 1467-68இல் வரைந்த நீளப்பலகை. ஆறு காட்சிகளில் ஒரு கதை. கிறிஸ்துவின் உடலாகவே கருதப்படும் தேவாலயத்தின் புனித அப்பத்தை ஒரு பெண் ஒரு யூத வட்டிக்காரரிடம் விற்கிறாள், அவர் அதைச் சுட, ரத்தம் கதவுக்கு வெளியே வழிகிறது. பிறகு அவரும் மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு எரிக்கப்படுகிறார்கள். யூதர்கள்மேல் ஐரோப்பாவில் சுமத்தப்பட்ட அபாண்டம் அது. நிறமும் அறைகளின் அமைப்பும் அழகாக இருப்பதால், என்ன காட்டப்படுகிறது என்பதை மறந்துவிட்டு ரசித்துவிட முடியும். அதுதான் அதில் பயங்கரம். நான் என் மகளுக்கு அதை மறைக்கவில்லை, இது பொய்க்கதை, இந்தப் பொய்யால் நிஜ மனிதர்கள் செத்தார்கள் என்று சொன்னேன்.

குழந்தைகளுக்குச் சலிக்காதா?

சலிக்காமல் இருக்க ஒரு விளையாட்டு உண்டு. கதவு நிலைகளிலும் கணப்படுப்புகளிலும் கூரைகளிலும் ஃபெடெரிகோவின் பெயர்ச் சுருக்கம் செதுக்கியிருக்கும். சில இடங்களில் எஃப், சி என்ற இரண்டு எழுத்துகள். 'ஃபெடெரிகுஸ் கோமெஸ்', அதாவது பிரபு ஃபெடெரிகோ. சில இடங்களில் 'துக்ஸ்' என்று இருக்கும், அதாவது கோமகன். போப் நான்காம் சிக்ஸ்துஸ் அவருக்குக் கோமகன் பட்டம் கொடுத்தது 1474இல். ஆகவே 'சி' இருந்தால் அது 1474க்கு முந்திய வேலை, 'துக்ஸ்' இருந்தால் பிந்தியது. எந்த அறை முதலில் முடிந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் தேவதைகள் அறை. தொமெனிகோ ரொஸ்ஸெல்லி செதுக்கிய கணப்படுப்பின்மேல் கொழுகொழுவென்ற குழந்தைகள் நீலப் பின்னணியில் வரிசையாக ஆடிப்போகும்.

நிலவறையையும் விட்டுவிடாதீர்கள். சமையலறை, குதிரை லாயம், துணி வெளுக்கும் இடம், கோமகனின் குளியலறை, பனியை அடைத்துவைத்து உணவைக் குளிர்ச்சியாக வைத்திருந்த குழி எல்லாம் அங்கே இருக்கின்றன. மேலே தேவதைகளையும் தங்கமுலாமையும் பார்த்துவிட்டு, இத்தனை பேரின் உழைப்பில்தான் அந்த மாடி நடந்தது என்று கீழே வந்து பார்ப்பது அவசியம்.

எப்படிப் போவது?

அட்ரியாடிக் கரையில் இருக்கும் பெசாரோவுக்கு ரயில், அங்கிருந்து பஸ். பஸ் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உர்பினோவுக்கு இருந்த ரயில் பாதை 1987இல் மூடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. நேரம் பார்க்காமல் போய் நான் ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். 1506இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர், மாலையில் தெருவெல்லாம் மாணவர்கள், நன்றாக இருக்கும்.

டிக்கெட், நேரம், போட்டோ?

திங்கட்கிழமை விடுமுறை. 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டவருக்கும் இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் எல்லோருக்கும் இலவசம், அன்று கொஞ்சம் கூட்டம் இருக்கும். ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுக்கலாம். கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா?

அரண்மனையின் பெரிய படிக்கட்டு அகலமானது, படிகள் உயரம் குறைவு, நிதானமாக ஏறிவிடலாம். ஊர்த்தெருக்கள்தான் கஷ்டம், எல்லாம் செங்குத்து. மெர்காத்தாலே என்ற கீழ்த்தளத் திடலிலிருந்து மேலே போக லிஃப்ட் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். அம்மாவுக்கு ரப்பர் அடி வைத்த செருப்பு அவசியம், மழை பெய்தால் கல்தெரு வழுக்கும்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். ஊரின் பெருமை 'க்ரெஷா' என்ற ரொட்டி. மாவைச் சுருட்டித் தேய்த்து அடுக்கடுக்காகச் சுடுவார்கள், நம் பரோட்டா மாதிரி. ஆனால் மாவில் முட்டையும் பன்றிக்கொழுப்பும் உண்டு. கொழுப்புக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை 'ஸ்த்ருத்தோ'. 'கஷோத்தா' என்ற உள்ளூர் பாலாடைக்கட்டி மென்மையானது, இனிப்புச் சுவை. அதிலும் பாலை உறையவைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள் என்பதால் கண்டிப்பான சைவர்கள் தவிர்க்க வேண்டியிருக்கும். சந்தேகமே இல்லாமல் சாப்பிட வேண்டுமென்றால் முட்டையில்லாத பாஸ்தா, தக்காளி, கீரை வகைகள்.

ஊரில் வேறு என்ன பார்க்கலாம்?

ரஃபேல் பிறந்த வீடு. அவர் அப்பா ஜொவான்னி சாந்தியும் ஓவியர், வீட்டிலேயே பட்டறை வைத்திருந்தவர். அதைவிடவும் முக்கியமாக, சான் ஜொவான்னி என்ற சிறு பிரார்த்தனைக்கூடம். சாலிம்பேனி சகோதரர்கள் 1416இல் தீட்டிய சுவரோவியங்கள் சுவரை நிறைத்திருக்கின்றன. நாயும் சண்டைபோடும் பிள்ளைகளுமாக ஒரு திருவிழாக் கூட்டமே இருக்கும்.

அரண்மனையை முழுசாகப் படம் எடுக்க எங்கே நிற்க வேண்டும்?

எதிரே இருக்கும் ஆல்போர்னோஸ் கோட்டைக்கு ஏறுங்கள், சுற்றிலும் புல்வெளி, காசு கிடையாது. இரண்டு ஒல்லியான கோபுரங்களும் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் மாடங்களும் அங்கிருந்து முழுசாகத் தெரியும். அந்த முகப்பு மேற்கைப் பார்த்தது, அதனால் சாயங்காலம் போங்கள். செங்கல்லில் வெயில் ஏறி, பிறகு கீழிருந்து நிழல் மெல்ல மேலே வரும். கடைசியில் கோபுர நுனிகள் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும். அந்த மாடங்களுக்குப் பின்னால்தான் அணில் இருக்கும் படிப்பறை.